கோதுமை இலைப் பெட்டி

எங்கள் பரிசோதனைக்கூடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளுக்கு நடுவே இருந்தது. வடக்கிலிருந்து கோதுமை நாற்றுகளின் உலர்த்திய இலைத் துணுக்குகள் விமானத்தில் வரும். அவற்றின் மரபணுவைச் சோதிப்பது என் வேலை. மீனம்பாக்கம் விமான நிலையம் போய்ப் பெட்டியை வேனில் எடுத்து வருவது என் கணவரின் வேலை. கூடத்தில் பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டோம்.

ஒருமுறை சாப்பிடும்போது கேட்டார்: "அந்த இலைல அப்பிடி இன்னாதான் பாக்கறீங்க?"

"கோதுமைக்கு மஞ்சத் துருன்னு ஒரு நோவு வரும். அதத் தாங்கற மரபணு எந்தச் செடில கீதுன்னு பாக்கறோம். அதுக்குன்னு ஒரு அடையாளம் உண்டு. நோவு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க வேணாம், நாத்துலயே தெரிஞ்சிடும்."

"அடையாளம் இல்லாத செடிய இன்னா பண்ணுவாங்க?"

"புடுங்கிப் போட்டுடுவாங்க."

"பாவம்" என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே சொன்னார்.

கார்த்திகை மழையில் ஒரு நாள், புதுவாயல் அருகே நின்றிருந்த லாரியின் பின்னால் வேன் மோதியது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. வேனின் முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. பின்னால் இருந்த பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். பெட்டி பிரிக்காமலே இருந்தது.

"யாருக்கும் அதத் தொட மனசு வரலம்மா" என்றார் மேனேஜர். "வெளிய வேற லேபுக்கு அனுப்பிடட்டுமா?"

"நானே பண்றேன் சார்."

இலைகளை அரைத்தேன், கரைசலில் கலந்தேன், இயந்திரத்தில் வைத்தேன். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அதனாலேயே எனக்கு என்மேல் வெறுப்பாக இருந்தது. பாதிக்கு மேற்பட்ட நாற்றுகளில் அடையாளம் தெரிந்தது. வடக்கிலிருந்த ஆய்வாளர் போனில் அவ்வளவு சந்தோஷப்பட்டார். முடிவு வர ஏன் இத்தனை தாமதம் என்று மட்டும் கேட்டார். இங்கே மழை என்றேன்.

மாசியில் அந்த ஆய்வாளர் ஒரு படம் அனுப்பினார். சுற்றிலும் பயிர் மஞ்சள் துரு பூத்துக் கிடக்க, நடுவில் எங்கள் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. சோழவரம் வீட்டில் மாமியாரிடம் அதைக் காட்டினேன்.

"நெல்லு மாரியே கீது. இன்னாது?"

"கோதும, அத்த. கடசியா அவரு எத்தினு வந்தாரே, அந்த எலைங்களோட செடிங்க."

அத்தை போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திரை இருண்டது.

"போயிடுச்சே" என்று நீட்டினார்.

தொட்டுக் கொடுத்தேன். மறுபடி இருண்டது. மறுபடி நீட்டினார். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.