ஏறும் எஞ்சினின் முகம்

கனகமணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் மாடியில் வேலை. பறித்து வந்த பச்சைக் கொழுந்தைப் பரப்பிப் போட்டு, காற்றில் ஈரம் இறக்கும் இடம் அது. மாடியின் கிழக்குச் சன்னலுக்கு மேலே, நாற்பதடி உயரத்தில், குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் தண்டவாளம். இருபத்தொன்பது வருடங்களாக அந்தச் சன்னல் அவளுடையது. கொழுந்தை உதறிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்வாள்:

"நேத்து வந்த எஞ்சின் இல்லைங்க இது. இதுக்கு ஒரு இருமல் இருக்கு."

வெளியூர்க்காரர்கள் குன்னூருக்கு நீராவி எஞ்சினைப் பார்க்க வருகிறார்கள். அது மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து குன்னூரில் நின்றுவிடும். அதற்கு மேல் பெட்டிகளை ஏற்றிப் போவது பழைய டீசல். அதை யாரும் படம் எடுப்பதில்லை. கனகமணிக்கு அதுதான் எஞ்சின். "நீராவி எல்லாத்தையும் வெளிய காட்டிருது. இது உள்ள என்ன பண்ணுதுன்னே தெரியாது. ஆனா மலை ஏறிருதே" என்பாள்.

பழைய டீசல் எஞ்சின்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. இருநூறு பேர். முகப்படமாக எஞ்சினை வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவள் "கனகமணி அண்ணா". அவள் திருத்தவில்லை. திருத்தினால் எஞ்சினை விட்டுவிட்டு வணக்கம் போட ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயம்.

அந்தக் குழுவில்தான் நாற்பது விநாடி வீடியோ ஒன்று வந்தது. இலங்கையின் மலைப்பாதை. தேயிலைக்கு நடுவே ஒரு கிழட்டு டீசலின் வண்டி. கனடாவிலிருந்து ஐம்பத்து நான்காம் வருடம் கப்பலில் வந்தது என்று கீழே குறிப்பு. இன்னும் ஓடுகிறது. பக்கவாட்டில் 'ஆல்பர்ட்டா' என்று பெயர்த்தகடு இருக்குமாம். வீடியோவில் பெட்டிகள்தான் தெரிந்தன; எஞ்சின் தெரிவதற்குள் அவற்றையும் மறைத்து மூடுபனி வந்துவிட்டது. சத்தம் மட்டும் மிச்சம். குன்னூர் டீசல் மூச்சு விட்டுவிட்டு ஏறும். இது ஒரே மூச்சில் ஏறியது. கனகமணி அந்தச் சத்தத்தை எத்தனை முறை கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. மூன்றாம் நாள் பஜாரில் ஃபிசாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போய், "பாஸ்போர்ட்டுக்கு எழுதணும் பாப்பா" என்றாள்.

ஃபிசாவுக்கு முப்பத்தெட்டு வயது. கனகமணியைவிடப் பதினைந்து வயது சிறியவள்.

"ஏக்கா, ஊர் உலகமே எஞ்சின் பாக்க நம்மூருக்கு வருது. நீங்க அங்க போறீங்களா?"

"இது ஒரே மூச்சுல ஏறுது பாப்பா."

"எங்கூட்டுக்காரரும் மேட்டுல ஒரே மூச்சுலதான் ஏறி வாராரு. அவரப் பாக்க டிக்கெட் போட்டா போறேன்?"

சிரித்தாலும், இரண்டு விண்ணப்பங்கள் போட்டாள். இரண்டாவது தனக்கு. விமானத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்றாள்.

கனகமணியின் அப்பா எழுபத்து நான்கில் இலங்கையிலிருந்து இந்தப் பக்கம் வந்தபோது சித்தப்பா அங்கேயே தங்கிவிட்டார். சித்தப்பா மகன் தினகரன் ஹட்டனுக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் காவலன். அவனிடம்தான் திட்டம் முழுவதும். நினைத்தபோதெல்லாம் போக முடியாது. கொழுந்து குறையும் பனிக்காலத்தில்தான் தொழிற்சாலையில் சேர்ந்தாற்போல் ஆறு நாள் லீவு தருவார்கள். ஆல்பர்ட்டாவும் எல்லா நாளும் மலைக்கு வருவதில்லை. ஜனவரி கடைசியில் தினகரன் பேசினான்.

"அக்கா, வியாழக்கிழமை பின்னேரக் கோச்சிக்கு அதத்தான் போடுறாங்களாம். ஹட்டன்ல நாலு நிமிஷம் நிக்கும். அத விட்டா இங்கிட்டு எப்ப வரும்னு சொல்ல ஏலாது."

வியாழக்கிழமை பிற்பகல் ரயில். நாலு நிமிடம். கனகமணி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஹட்டன் நடைமேடையை வரைந்தாள். மலை ஏறும் பக்கம் மேல்கோடி, இறங்கும் பக்கம் கீழ்க்கோடி, நடுவில் கூட்டம். கீழ்க்கோடியில் ஒரு புள்ளி வைத்தாள். அங்கே நிற்க வேண்டும்.

ஒத்திகையும் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிசாவைக் கேத்தி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊட்டிக்கு ஏறும் வண்டி வளைவில் தெரிந்தது. முதலில் வந்தது பச்சைக் கொடியோடு முன்பெட்டியில் நின்ற பிரேக்ஸ்மேன். பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டிகள். கடைசியில், எல்லாவற்றையும் முதுகிலிருந்து தள்ளிக்கொண்டு, டீசல். அது சரியாக அவர்கள் முன்னால் வந்து நின்றது.

"பாத்தியா? கீழ்க்கோடில நின்னா தேடி வந்து நிக்கும்."

"ஏன்க்கா பின்னாடி மாட்டிருக்காங்க?"

"மலையில அப்பிடித்தான். முன்னாடி மாட்டி இழுத்தா, கொக்கி விட்டுருச்சுன்னா பெட்டியெல்லாம் கீழ உருண்டுரும். எஞ்சின் கீழ இருந்து தாங்கோணும். தரையிலதான் முன்னாடி."

ஃபிசா கைப்பேசியைப் பிடிக்க வேண்டிய உயரம், கோடியிலிருந்து எத்தனையாவது கல்லில் நிற்பது, எல்லாம் அன்று முடிவாயிற்று. வீடியோ எடுப்பது ஃபிசா. கனகமணி பார்க்க மட்டும் செய்வாள்.

வியாழக்கிழமை பிற்பகல் ஹட்டனில் தூறல். தினகரன் லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையில் வந்திருந்தான். கீழ்க்கோடிக்கு என்றதும் ஒரு கணம் தயங்கினான்.

"அங்கயா அக்கா?"

"அங்கதான் தம்பி. எல்லாம் பாத்து வச்சிருக்கேன்."

எஞ்சினின் வருடம், எடை, சத்தம் எல்லாம் தொலைபேசியில் சொல்லும் அக்கா. ஏதாவது காரணம் இருக்கும் என்று குடையை விரித்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

தூரத்தில் அந்தச் சத்தம் எழுந்தது. ஒரே மூச்சு. கனகமணி ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டாள். முதலில் பெட்டிகள் வரும். அவை தாண்டும்வரை நேரம் இருக்கிறது. ஃபிசா கைப்பேசிக் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைக்க ஆரம்பித்தாள்.

மூடுபனி கிழிந்தது.

பெட்டி இல்லை. கொடி பிடித்த ஆள் இல்லை. மலை ஏறும் வண்டிக்கு முன்னால், மழை வழியும் அகன்ற முகத்தோடு, எஞ்சின் நேராக அவள் மேல் வந்தது. காலடிக் கல் நடுங்கியது. பாதத்தில் ஏறிய நடுக்கம் பல்வரை வந்தது. இறங்கும் எஞ்சினின் முகத்தை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். ஏறும் எஞ்சினுக்கு முகம் உண்டு என்று ஐம்பத்து மூன்று வயதுவரை அவளுக்குத் தெரியாது. சாம்பல் உடல், பெயர்த்தகடு, வெந்த எண்ணெயின் காற்று, எல்லாம் ஒரு கை தூரத்தில் கடந்தன. கடந்தே போய்விட்டன.

"அக்கா! முன்னாடி மாட்டிருக்காங்கக்கா!"

மேல்கோடியில் போய் நின்றது ஆல்பர்ட்டா. நடுவில் எட்டுப் பெட்டி, இறங்கும் கூட்டம், கூடைகள், மூட்டைகள். கனகமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"வழி விடுங்க! அக்கா இந்தியாவில இருந்து வந்திருக்காங்க!" என்று கத்திக்கொண்டு தினகரன் முன்னால் ஓடினான். என்ன அவசரம் என்று புரியாமலேயே கூட்டம் ஒதுங்கியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஒரு நிமிடம் மிச்சம் இருந்திருக்கலாம். உள்ளங்கையை எஞ்சினின் பக்கத்தில் வைத்தாள். மழையில் நனைந்த தகடு உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மாடு அசைபோடுவதுபோல் ஓர் அசைவு. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். ஏதோ சிங்களத்தில் கேட்டார். அவளுக்குப் புரியவில்லை என்று கண்டு தலையை அசைத்தார். அப்போதுதான் அவள் கண் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே போனது. அங்கே ஒரு கொக்கி. தேய்ந்து பளபளத்த இரும்பு.

"இது ஒண்ண நம்பியா தம்பி இத்தன பேரு மலையேறுறாங்க?"

"வேற எதக்கா நம்புறது?"

ஊதல் கேட்டது. கொக்கி இறுகியது. அந்த இறுக்கம் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு, டக், டக், டக் என்று கீழ்க்கோடிவரை போவதை அவள் காதால் பார்த்தாள். பிறகு அத்தனை பாரமும் நகர்ந்தது. கீழே தாங்க யாருமில்லை. சன்னலோரத்தில் ஒரு பெண் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு போனாள். எட்டாவது பெட்டியும் கடந்து, வண்டி மேலே சுரங்கத்துக்குள் நுழைந்தது. எஞ்சின் கண்ணுக்கு மறைந்தும் சத்தம் நிற்கவில்லை. மலையே உள்ளே எங்கோ ஏறிக்கொண்டிருப்பதுபோல் கேட்டது.

மூச்சிரைக்க ஃபிசா வந்து கைப்பேசியை நீட்டினாள். அதில் எஞ்சின் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகி, பெட்டிகளின் ஓரமாக ஓடும் ஒரு பெண்ணின் முதுகு மட்டும் இருந்தது. பின்னணியில் ஒரே மூச்சு.

"கெட்டுப் போச்சேக்கா. ஒத்திகையெல்லாம் வீணு."

கனகமணி அதை இரண்டு முறை பார்த்தாள். பிறகு தன் கைப்பேசிக்கு வாங்கி, அப்படியே குழுவுக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் முதல் கேள்வி வந்தது: 'அண்ணா, ஆல்பர்ட்டா எங்க? ஓடுற அம்மா யாரு?'

 எஞ்சினைத் தொட்ட கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மலைக்குள் சத்தம் மெலிந்து கேட்டது. அது தீரும்வரை மூவரும் மழையில் நின்றார்கள். அதன்பிறகுதான் எழுதினாள்.

'நான்தாங்க. எஞ்சின் முன்னாடி போயிருச்சு.'