மெர்சியின் தலைப்பிள்ளை

எல்ம்போர்ட்டில் வில்மா தர்லோவைத் தெரியாத நாய் கிடையாது. முப்பத்தோரு வருஷம் தபால் வண்டி ஓட்டியவள். முழங்கால் அளவு பனி விழுந்தாலும் பத்து மணிக்குள் கடிதம் பெட்டியில் கிடக்கும். தெரு வரிசை, வீட்டு வரிசை, வீட்டுக்குள் ஆள் வரிசை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், ஊரில் எல்லார் வீட்டு வாசலையும்தான் தினம் பார்க்கிறேனே, அது போதாதா என்பாள். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற மறுவாரமே ஊர் அலுவலகத்தின் நிலவறையில் போய் உட்கார்ந்தாள். காரணம் ஒரு வெள்ளைக் காகிதச் சீட்டு.

ஐசக் தர்லோ என்கிற தச்சர் கப்பலேறி வந்து இந்த ஊரில் முதல் வீட்டைக் கட்டி முந்நூற்று முப்பது வருஷம் ஆகிறது. அவர் வழி வந்தவர்கள் ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை தேவாலயப் புல்வெளியில் கூடுவார்கள். ஆறு பிள்ளைகளின் வழிக்கு ஆறு நிற நாடா, வாசல் மேசையில் இருக்கும். சிவப்பைச் சட்டையில் குத்திக்கொண்டால் நத்தானியேல் வழி, நீலம் என்றால் ரூத் வழி, இப்படி. மூத்த வழியில் வயதில் மூத்தவர் முன்னால் நடந்து போய், ஐசக்கின் கல்லறைக் கல்மேல் ஒரு முழு ரொட்டியை வைத்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் விருந்துக்கு வைத்த பீன்ஸ் பானையைத் திறப்பார்கள்.

ஏழாவதாக ஒரு பிள்ளை உண்டு. ஜோனஸ். தொண்ணூறு வருஷத்துக்கு முன் தர்லோ குடும்பத்துப் போதகர் ஒருவர் குடும்ப வரலாறு எழுதி அச்சிட்டார். அதில் ஜோனஸுக்கு ஒரே ஒரு வரி: "பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்தவன், தகப்பன் யாரென்று நிச்சயமில்லை, இவன் வழி எழுதப்படவில்லை." புண்ணியவான்! ஒரு வரியில் ஒரு வம்சத்தையே வாசலில் நிறுத்திவிட்டார். ஜோனஸ் வழிக்காரர்களும் தர்லோக்கள்தான், அதே ஊர்க்காரர்கள்தான். ஆனால் நாடா கிடையாது. சட்டையில் ஒரு வெள்ளைச் சீட்டு, அதில் 'விருந்தினர்' என்று எழுதியிருக்கும். வில்மா ஜோனஸ் வழி.

அவள் அப்பா ஹார்லன் ஒன்பது வயதில் அந்தச் சீட்டைக் குத்திக்கொண்டு புல்வெளியில் நின்றவர். மற்ற பிள்ளைகள் நிற வாரியாக ஓடிப் பிடித்து விளையாட, இவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. அதன்பின் எழுபத்தேழு வருஷம் அங்கே காலடி வைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் விடியும் முன்னே படகை எடுத்துக்கொண்டு இறால் கூண்டு பார்க்கக் கடலுக்குப் போய்விடுவார். அவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஐசக்கின் மனைவி பெயர் மெர்சி. அந்தப் பெயரைத் தங்கள் பெண் குழந்தை எதற்கும் அவர்கள் வைத்ததும் இல்லை. வெட்கம், வேறென்ன.

இப்போது ஹார்லனுக்கு எண்பத்தாறு. கால் விழுந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவது சிரமம் என்று மருத்துவர் வில்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஒரு நாள் ஹார்லனே பேச்செடுத்தார்.

"ஒரு தடவை அந்தப் புல்வெளிக்குப் போயிட்டு வரணும் வில்மா. ஆனா அந்தச் சீட்டைக் குத்திக்கிட்டுப் போகமாட்டேன்."

"சரிப்பா" என்றாள். மறுநாள் நிலவறைக்குப் போனாள்.

ஊர்ப் பதிவேட்டை அவள் மேசையில் வைத்த எழுத்தர் பெண், எல்லாம்தான் போதகர் புத்தகத்தில் இருக்கிறதே என்று சலித்துக்கொண்டாள். வில்மா காதில் வாங்கவில்லை. மதியத்துக்குள் இரண்டு வரிகளும் கிடைத்துவிட்டன. ஐசக்குக்கும் மெர்சிக்கும் திருமணம், 1651 ஏப்ரல் 20. ஜோனஸ் பிறப்பு, 1651 பிப்ரவரி 9. போதகர் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், வெளிச்சம் போதவில்லை, நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஒரு புளுகு புளுகினாள்.

மறுநாள் அவள் தேதியைப் பார்க்கவில்லை, வரிசையைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷப் பழக்கம் எங்கே போகும்? பன்னிரண்டாம் எண் வீட்டுக் கடிதம் நாற்பதுக்குப் பின்னால் இருந்தால் கை தானாக நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. 1651 நவம்பர். 1651 டிசம்பர். அதற்குக் கீழே 1651 ஜனவரி. 1651 பிப்ரவரியில் ஜோனஸ். மார்ச் கடைசி வந்ததும் 1652. எழுதியவன் குடித்திருந்தானோ என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த வருஷத்தைப் புரட்டினாள், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

எழுத்தர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் சாதாரணமாகச் சொன்னாள், அந்தக் காலத்தில் மார்ச் இருபத்தைந்தாம் தேதிதான் புது வருஷமாம், பிப்ரவரி என்பது வருஷத்தின் வால் பக்கமாம்.

வில்மா விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரலில் கல்யாணம், அதற்குப் பின் வந்த பிப்ரவரியில் பிள்ளை. ஒன்பது மாதம் இருபது நாள். எந்த ஊர்க் கணக்கில் பார்த்தாலும் பழுதில்லை. அந்த நிலவறையில், எழுத்தர் பெண் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல், அவள் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு நேராகத் தர்லோ குடும்பச் சங்கத்தின் தலைவர் லெலண்ட் வீட்டுக்குப் போனாள். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நத்தானியேல் வழி, பத்தொன்பது வருஷமாக ரொட்டி வைப்பவர். கெட்ட மனுஷர் இல்லை, அந்த ரொட்டியின்மேல் ஆசை, அவ்வளவுதான். நகலை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"புத்தகத்துல வேற மாதிரி அச்சடிச்சிருக்கே வில்மா."

"அச்சடிச்சா ஆச்சா? உன் கடை விளம்பரத்துல 'மலிவு விலை'ன்னு கூடத்தான் அச்சடிச்சிருக்கு."

சமையலறையில் இருந்த அவர் மனைவி அடீல் சிரிப்பதை இருவரும் கேட்டார்கள். இது சரியென்றால் ஜோனஸ்தானே தலைப்பிள்ளை, ரொட்டி கைமாறிவிடுமே என்று லெலண்ட் மெதுவாகச் சொன்னார். குழு கூடிப் பேசட்டும், அவசரம் என்ன, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

அப்பாவுக்கு அடுத்த வருஷம் கிடையாது. வில்மா இன்னொரு நகலை எடுத்து வைத்தாள்.

"உங்க நத்தானியேலைப் பாரு. பொறந்தது 1653 டிசம்பர். ஞானஸ்நானம் 1653 ஜனவரி. பொறக்கறதுக்குப் பதினோரு மாசம் முன்னாடியே தலையில தண்ணி ஊத்திட்டாங்களா? ஜோனஸ் வெளியாளுன்னா உங்காளு பூமியிலேயே இல்லையே லெலண்ட்!"

இந்த முறை அடீல் கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். லெலண்ட் இரண்டு தாளையும் அருகருகே வைத்து விரல் விட்டு மாதத்தை எண்ணினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

"கூட்டிட்டு வா உங்கப்பாவை" என்றார்.

ஆகஸ்ட் சனிக்கிழமை ஹார்லன் சவரம் செய்து, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தார். வாசல் மேசையில்தான் சிக்கல். எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஏழாவது நாடாவை மறந்துவிட்டார்கள். அடீலுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. லெலண்ட் தன் சிவப்பு நாடாவைக் கழற்றப் போனார். ஹார்லன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெள்ளையே குடும்மா. எங்களுக்குப் பழகின நிறம்தான்."

அடீல் தன் வெள்ளை ஏப்ரனின் கட்டு நாடாவைக் கத்தரித்து அவர் கோட்டில் குத்தினாள். பின்னால் நின்றிருந்த ஜோனஸ் வழிக்காரர்கள் இருபத்துமூன்று பேருக்கும் மேசைவிரிப்பைக் கிழித்துக் கொடுத்தாள். வில்மா நாற்காலியைத் தள்ள, இருநூறு பேர் அவர்களுக்குப் பின்னால் நடந்தார்கள். லெலண்ட் இரண்டாவதாக நடந்தார்.

கல்லில் ஐசக் பெயர் மட்டும்தான் வெட்டியிருக்கிறது. ஹார்லன் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தையே பார்த்தார். மறந்துவிட்டாரோ என்று வில்மா குனிந்து, "ஐசக்னு சொல்லுப்பா" என்றாள்.

"மெர்சி தர்லோ" என்றார் ஹார்லன், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி. அடுத்ததை அவர் மெல்லத்தான் சொன்னார், வில்மாவுக்கு மட்டும் கேட்டது.

"தாயே, அவங்க சொன்னதை நாங்களும் நம்பிட்டோம். மன்னிச்சுக்கோ."

பிறகு ஐசக்கையும் கூப்பிட்டு, ரொட்டியைக் கல்மேல் வைத்தார்.