பேச்சு எட்டுகிற தூரம்

நேற்று நீங்கள் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தீர்கள். "உங்கப்பா விடியறதுக்குள்ள ரோட்டுல தனியா பேசிக்கினு போறாராமே" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அது உண்மைதான். ஏன் என்று வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அக்கா போலீஸ் வேலைக்கு ஓட்டம் பழகுவது தெரியும். பகலெல்லாம் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வேலை. அவளுக்கு இருப்பது விடியற்காலை மட்டும்தான், நம்ம ஊரிலிருந்து அணைக்குப் போகிற ரோடு மட்டும்தான். கரும்பு டிராக்டர் லைட் இல்லாமல் வரும், நாய் துரத்தும். ஒருநாள் ஒரு பைக் அவள் பக்கத்தில் மெதுவாக வந்து, மெதுவாகவே போயிருக்கிறது. அம்மா சொல்லிவிட்டாள்: துணைக்கு ஆள் இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் வேண்டாம். நான் கூட ஓடுகிறேன் என்றேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது தாண்டினவங்க திடீர்னு ஓடக் கூடாதாம்பா. ஓட்டப் பயிற்சி வீடியோவுல சொன்னாங்க. மொதல்ல ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடலாம்."

"தெனமும் கிழங்கு மூட்டை தூக்கறேன். எனக்கு இன்னா செக்கப்பு?"

"அது வேற, இது வேற. கெளம்பு."

ஆஸ்பத்திரியில் ஓடிக் காட்டச் சொல்வார்கள் என்று நினைத்து உங்கள் மாமாவின் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போனேன். நர்சம்மா ஷூவைப் பார்த்தார். "ஷூவெல்லாம் பலமா இருக்குது. உக்காருங்க ஐயா." கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். நம்பரை எழுதிக்கொண்டு அவிழ்த்தார். "கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. பேசாதீங்க. பொறவு மறுபடி பாக்கறேன்."

மூட்டை தூக்கச் சொன்னால் தூக்கியிருப்பேன். சும்மா உட்காருவதுதான் எனக்கு வராதே. வயலில் பிடுங்கிப் போட்ட மரவள்ளி கிடக்கிறது. சின்னசேலத்து வியாபாரி லாரி அனுப்பிவிட்டானோ என்னவோ. இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளை எங்கே ஓடுவாள்? ஃபேன் வேறு டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, கால் ஆடுது."

"அது தானா ஆடுதும்மா."

"நீங்க ஆட்டாம அது எப்படி ஆடும்?"

பக்கத்து பெஞ்சில் இருந்த யாரோ ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரண்டாம் தடவையும் பிரஷர் இறங்கவில்லை.

டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நெஞ்சு வலி உண்டா என்றார். இல்லை என்றேன். மேடு ஏறினால் மூச்சு வாங்குமா?

"வெள்ளிமலைக்கு நடந்தே ஏறுவேங்க."

"எப்ப ஏறினீங்க?"

"கல்யாணத்துக்கு முன்ன."

"தலை சுத்தல், மயக்கம்?"

"அதெல்லாம் கெடையாதுங்க."

பின்னால் நின்ற உங்கள் அக்கா சொன்னாள்: "இருக்குதுங்க. போன வாரம் மூட்டை ஏத்தும்போது கண்ணு இருட்டுதுன்னு லாரியப் புடிச்சிக்கினு நின்னாரு."

திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "தண்ணி குடிக்காம இருந்தேன், அதான்" என்றேன். "சாயங்காலமும் கண்ணு இருட்டுதுன்னு சொன்னியேப்பா" என்றாள்.

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா பிரஷர் ஜாஸ்தி. மாத்திரை தரேன். அது கம்மியாகிற வரைக்கும் ஓடக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. நடங்க. நடக்கும்போது திணறாம பேச முடியணும். பேச்சு முட்டுச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். தலை சுத்துச்சுன்னா நின்னுட்டு இங்க வந்துடணும். அடுத்த மாசம் மறுபடி பாக்கலாம்."

பஸ்ஸில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "வாய மூடிக்கினு இருந்திருந்தா நாளைக்கே ஓடியிருக்கலாம். உனக்காகத்தானே வந்தேன்?"

"நீ பின்னாடி விழுந்து கெடந்தா நான் எப்படிப்பா முன்னாடி பாத்து ஓடுவேன்?"

நம்ம ஊர் வந்தது. இறங்கி நடக்கும்போது அவளே ஆரம்பித்தாள். "நீ நட, நான் ஓடறேன். பேசிக்கினே வா."

"யார்கிட்ட பேசறது?"

"யார்கிட்டயோ. சத்தமா பேசு. உன் சத்தம் கேக்கற தூரம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரேன். சத்தம் நின்னா ஓடி வந்துடறேன்."

இதுதான் விஷயம். முதல் நாள் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை. இப்போது கிழங்கு விலை, மழை வராதது, எதிர் வீட்டு ஆடு நம்ம மல்லிச்செடியைத் தின்றது, நீங்கள் ரெண்டு பேரும் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டது, எல்லாம் பேசுகிறேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, "இன்னா மாமா, போன்லயா?" என்றார். ஆமாம் என்றேன். "போன் எங்க?" என்றார். ஊரில் பரப்பியது அவராகத்தான் இருக்கும்.

மலையிலிருந்து பனி இறங்குகிற நாட்களில் அவள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். அதுவும் கேட்காமல் போனால் என் கால் தானாக வேகம் எடுக்கும். உடனே பேச்சு முட்டும். இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்: "ப்பா, வேகமாப் போற." மெதுவாக்குவேன். மூட்டை தூக்குவதைவிட அது கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ஓட விடுவார்களா, தெரியவில்லை. வீட்டில் சும்மா உட்காரப் பழகிப் பார்க்கிறேன். கால் இன்னும் ஆடுகிறது. இன்று அவள் திரும்பி வந்து, இந்தத் தூரம் பத்தவில்லை என்றாள். "அணை மதகு வரைக்கும் போவணும்ப்பா. இன்னும் கொஞ்சம் சத்தமா பேசேன்."

அதனால் நாளையிலிருந்து ஊரில் எல்லோருக்கும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் முன்னாடியே சொல்லி வையுங்கள்.