பொய் என்று போட்ட கையெழுத்து

தருமபுரியில் நான் வக்கீல் தொழிலைத் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, யுத்தம் நம் கரைவரை வந்துவிட்டது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போடக்கூடும், அங்கே அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று சர்க்காரே சொன்ன கோடைகாலம் அது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் பாய் ஒருவர் இருந்தார். சென்னையிலிருந்த தங்கையை அழைத்துவரப் போனவர், மூன்றாம் நாள் திரும்பினார். ஜனங்கள் ஜன்னல் வழியாக ரயிலுக்குள் ஏறியதையும், தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்ததையும் சந்தையில் நாலு பேரிடம் சொன்னார். மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். பீதி கிளப்பினாராம்.

அவர் மனைவி என்னிடம் வந்தபோது, சுலபமான கேஸ் என்றுதான் நினைத்தேன். சர்க்கார் அறிவிப்பு வந்த பத்திரிகையை வெட்டி மனுவோடு சேர்த்தேன். மாஜிஸ்திரேட் அதை முழுக்கப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வழக்கு என்று ஒன்று இருந்தால்தானே ஜாமீன், இது யுத்த காலச் சட்டப்படி காவல், தனக்கு இதில் அதிகாரம் இல்லை என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். காவலுக்குக் காரணம் கேட்டு மேலே எழுதினேன். காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஹைகோர்ட்டுக்குப் போகலாமா என்று என் சீனியரைக் கேட்டேன். போய் வெறுங்கையோடு திரும்பிவந்தவர்களின் கதையைச் சொன்னார். கூட்டாக ஒரு விண்ணப்பமாவது அனுப்பலாம் என்று சக வக்கீல்களிடம் காகிதத்தை நீட்டினேன். என் இங்கிலீஷைப் பாராட்டினார்கள். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. பாய் பேசியதைக் கேட்டவர்களோ, அன்றைக்குத் தாங்கள் சந்தைக்கே வரவில்லை என்றார்கள்.

எட்டு மாதம் போயிற்று. தான் பரப்பியது பொய், இனி யுத்தத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகத் தகவல் வந்தது. பாய் மறுத்துவிட்டார். அவர் மனைவி என் வாசலில் நின்று, "நீங்க சொன்னா கேப்பாருங்க. வூட்டுக்கு வந்தாப் போதும்" என்றார்.

ஜெயிலுக்குப் போனேன். மிகவும் இளைத்திருந்தார், விடாமல் இருமினார். யுத்தம் முடிகிறவரை சட்டம் இப்படித்தான் இருக்கும், என்னால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்றேன்.

"நான் பாத்தது நெசந்தானுங்களே?"

"நெசந்தான் பாய்."

"பொய்னு எழுதித் தரச் சொல்றீங்களா?"

ஆமாம் என்றேன். பேனாவைத் திறந்து கையில் கொடுத்ததும் நான்தான்.

வெளியே வந்து மறுபடி கடையைத் திறந்தார். வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் தலையைக் காட்டினார். மழை வருமா என்று கேட்டால்கூட, எனக்குத் தெரியாதுங்க என்பார். யுத்தம் முடிவதற்குள் அந்த இருமலிலேயே இறந்துபோனார்.

சுதந்திரம் வந்த பிறகு, பென்னாகரத்திலிருந்து ஒரு விவசாயி என்னைத் தேடி வந்தார். வாத்தியாராக இருந்த மகனை விசாரணையில்லாமல் அடைத்துவிட்டார்கள். அமைதி காக்கவென்று போட்ட புதுச் சட்டமாம். அவர் நீட்டிய உத்தரவுக் காகிதத்தை வாங்கிப் படித்தேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வேறொரு வக்கீலின் வீட்டுக்கு வழி காட்டினேன். அவரும் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.