மூன்று இடத்தில் எழுதிய ‘இல்லை’

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. என் மகளின் கிளினிக் கொப்பியில் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படிவத்தில் இப்படி இருக்கிறது: “குடும்பத்தில் மனநோய்: இல்லை. வலிப்பு: இல்லை. தற்கொலை அல்லது அதற்கான முயற்சி: இல்லை.” கையெழுத்து என்னுடையது. நீலப் பேனா. மூன்றில் இரண்டு பொய்.

படிவம் நிரப்புவது எனக்குப் புதிதல்ல. பொகவந்தலாவைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஃபெக்டரி ஒபிசில் முப்பது வருடமாக கிளார்க்காக இருக்கிறேன். அடையாள அட்டைக்கு, காலம் தாழ்த்திய பிறப்புப் பதிவுக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். எங்கள் ஆட்களுக்குக் காகிதம் என்றால் உள்ளூரப் பயம். ஒரு காகிதத்தில் இருந்த ஒரு வரியால் அண்ணன் இங்கேயும் தம்பி இந்தியாவுக்குப் போன கப்பலிலுமாகப் பிரிந்த குடும்பம், வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றிலும் உண்டு. அதனால் நான் கடைப்பிடித்ததும் பிறருக்குச் சொன்னதும் ஒரே விதிதான். மறு கேள்வி வரக்கூடிய பதிலை எழுதக் கூடாது. ‘இல்லை’ என்று எழுதினால் அதிகாரியின் கண் அடுத்த வரிக்குப் போய்விடும்.

அன்றும் அப்படித்தான் எழுதினேன். மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், உதவியாளராக வேலை செய்தாள். ஜனவரி கடைசியிலிருந்து வேலைக்குப் போகவில்லை. தலை சீவவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். சாப்பிடச் சொன்னால், “வேணாம்பா, வீணாப் போகும்” என்பாள். சோறு வீணாகும் என்கிறாளா, தான் சாப்பிடுவதே வீண் என்கிறாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

படிவத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபோது மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

“என்னத்தையாவது எழுதி வச்சிராதீங்க. அந்தா நிக்கிறாளே, அட்டெண்டன்ட் பொம்பள, அவ பக்கத்துத் தோட்டத்துக்காரி. நம்ம பஸ் ஏறுறதுக்குள்ள சங்கதி கந்தப்பளைக்குப் போயிரும்.”

கந்தப்பளையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். சித்திரை வருடப் பிறப்புக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“நான் என்ன புதுசாவா எழுதறேன்?” என்றேன். எழுதினேன். டொக்டர் படித்தார், அடுத்த வரிக்குப் போனார், ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மாத்திரை. நன்றாக வேலை செய்யும் என்றார்.

எழுதாமல் விட்டது இவ்வளவு. என் அப்பா 1979இல், முப்பத்தாறாவது வயதில், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. பொலிஸ் விசாரணை, பிரேதத்தை அறுப்பது எல்லாம் வேண்டாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, ‘விபத்து’ என்று பதிய வைத்தார்கள். வீட்டிலும் அந்தச் சொல்லே நின்றுவிட்டது. அம்மா சாகும்வரை என்னிடம் வேறு சொல்லில் அதைச் சொன்னதில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, இன்னொரு விதம். மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பார். பிறகு ஒரு நாள் எழுந்து லயம் முழுவதற்கும் வாசல் கூட்டுவார். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மேற்பார்வையாளரான கண்டாக்கையாவை முந்திக்கொண்டு தானே எல்லோருக்கும் அன்று கொழுந்தெடுக்க வேண்டிய மலையைப் பிரித்துக் கொடுப்பார். சேலைகளை எடுத்து வழியில் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஆட்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஒருமுறை கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருந்தார்கள். 1981இல் அத்தையின் கணவரான மாமாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. குடும்பத்தோடு கப்பலேறிப் போனார்கள்.

அத்தையின் கதை அத்தையோடு போய்விட்டது என்று நினைத்தோம். அப்பாவுடையதை மட்டும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தாறு வயது நடந்த வருடம் முழுவதும், பத்து வயதிலிருந்து விடாமல் எழுதும் என் நாட்குறிப்பில் மழையளவும் வேலையும் தவிர எதுவும் இல்லை. முப்பத்தேழு பிறந்த அன்று, ‘தாண்டிவிட்டது’ என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன். என்னைத் தாண்டி எங்கே போனது என்று யோசிக்கவில்லை. மகளுக்கு அப்போது நான்கு வயது.

மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள், மார்ச் 23, அவள் காலையில் தானாக எழுந்து முகம் கழுவினாள். மனைவி சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். நானும் நாட்குறிப்பில், ‘எழுந்தாள்’ என்று எழுதினேன்.

மார்ச் 28, பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். 30ஆம் தேதி, அதன் சுவர்களுக்கெல்லாம் தானே சாயம் பூசப்போவதாகச் சொன்னாள். ஏப்ரல் முதலாம் தேதி, சாயம் பிள்ளைக் காம்பராவுக்கு மட்டுமல்ல, எட்டு லயத்துக்கும் என்றாள். அவள் வேகமாகப் பேசினாள். ஒரு வாக்கியம் முடியும் முன் அடுத்தது வந்தது. மூன்று இரவாகக் கண்ணை மூடவில்லை, ஆனால் களைப்பே இல்லை. ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அலுமாரியைத் திறந்து தன் சுடிதார்களை எடுத்து மடித்து, லயத்தில் பக்கத்துக் காம்பராப் பெண்களைக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரே சிரிப்பு. அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.

இந்தச் சிரிப்பை நான் நாற்பது வருடத்துக்கு முன் கேட்டிருக்கிறேன்.

குசினிக்குள் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“இது சரியில்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“ஏங்க, புள்ள படுத்துக் கெடந்தப்ப பயந்தீங்க. இப்ப எந்திரிச்சு சிரிக்கிறா, அதுக்குமா பயம்? ஒங்களுக்குத்தான் மருந்து வாங்கணும்.”

“அத்தை இப்படித்தான் இருந்தாங்க.”

அவள் பிசைவதை நிறுத்தினாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அத்தை என்று ஒருவர் இந்தியாவுக்குப் போனார் என்பது தவிர அவளுக்கு எதுவும் தெரியாது. நான்தான் சொல்லவில்லை. வாசல் சத்தத்துக்கு நடுவில், அப்பாவையும் சேர்த்து, அன்று சொன்னேன்.

“இத இத்தன வருஷம் வயித்துக்குள்ள வச்சிருந்தீங்களா?” என்றாள். பிறகு, “கிளினிக்ல நான்தானே கிள்ளுனேன்” என்றாள். பிறகு மாவுக் கையோடு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கிளினிக் செவ்வாய்தான். நாங்கள் திங்கட்கிழமை காலை பஸ்ஸிலேயே புறப்பட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும், “எனக்கு எதுக்கு? சரி வாங்க, அங்கேயும் சாயம் பூசணும்” என்று சந்தோஷமாக வந்தாள். பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரிடமும் பேசினாள். கொண்டக்டர் பையன், “அக்கா, நீங்க இருந்தா எனக்கு வேலையே இல்ல, டிக்கட்டையும் நீங்களே கிழிச்சுக் குடுத்துருங்க” என்றான். அவள் எழுந்து அவனுடைய டிக்கட் கட்டைப் பிடுங்கப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வளைவில் பஸ் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தபோது என் காதருகே குனிந்து, “பயப்படாதீங்கப்பா, இந்த பஸ் உருண்டாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது, எனக்குத் தெரியும்” என்றாள். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தவன் டவுன் வரும்வரை விடவில்லை. நாடி என் விரலில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதே டொக்டர் வார்டில் இருந்தார். இளம் பெண், சிங்களவர். பக்கத்துத் தோட்டத்து அட்டெண்டன்ட் பெண் தமிழில் எடுத்துச் சொல்ல வந்து நின்றாள். வேண்டாம் என்று நானே சிங்களத்தில் பேசினேன். அத்தையைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, விபத்து அல்ல, அவராகவே செய்துகொண்டது என்றேன். முதல் நாள் மனைவியிடம்கூட, ‘அப்பா அப்படிப் போயிட்டாரு’ என்றுதான் சொல்லியிருந்தேன். அதை அதற்குரிய சொல்லால் நான் என் வாழ்நாளில் முதலில் சொன்னது சிங்களத்தில்தான்.

டொக்டர் திட்டவில்லை. கொப்பியைத் திறந்து என் இரண்டு ‘இல்லை’களையும் ஒவ்வொரு கோடாக அடித்தார். அத்தைக்கு இருந்ததைப் போன்ற நோய் குடும்பத்தில் இருந்தால், அந்த மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது சிலரை இப்படி மறுபக்கம் தூக்கிவிடக்கூடும் என்றார். தெரிந்திருந்தால் வேறு மாதிரித் தொடங்கியிருப்பாராம். மாத்திரையை நிறுத்தி, வார்டில் சேர்த்தார்கள். பத்தொன்பது நாள். சித்திரை வருடப் பிறப்பு அதற்குள் வந்து போனது. கந்தப்பளைக்கு மனைவியே போன் பண்ணி, பிள்ளைக்குச் சுகமில்லை, இப்போது வர வேண்டாம் என்றாள். அவர்கள் பிறகும் வரவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இரத்த உறவில் இந்த நோயோ தற்கொலையோ இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று எல்லாவற்றிலும் இருந்தது. ஒரே ஒரு மரபணு இதைச் செய்வதில்லை, மிகச் சிறிய பங்குள்ள பல சேர்கின்றன, அவை இருந்தும் பலருக்கு வராமலே போகிறது என்றும் இருந்தது. வாழ்க்கையில் நடப்பவற்றுக்கும் பெரிய பங்கு உண்டாம். இதெல்லாம் புரிந்தது. புரிந்தும் பயம் குறையவில்லை. என்னிடமிருந்து அவளுக்குப் போனது எது, என்னிடம் அது ஏன் பேசாமல் கிடந்தது என்று கண்ணாடியில் என் முகத்தையே பார்த்திருக்கிறேன். அப்பாவின் மூக்கு எனக்கு. என் மூக்கு அவளுக்கு.

படித்ததில் ஒன்று மட்டும் செய்யக்கூடியதாக இருந்தது. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டால், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. டொக்டரும் அதையே சொன்னார். கேட்டுக்கொண்டே இருங்கள் என்றார்.

மே 7, ஞாயிறு. வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியிருந்தது. புது மருந்தில் அவள் தூங்கினாள். கை சற்று நடுங்கியது. வெயிலில் உட்கார்ந்து மனைவிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பாப்பா, சாகணும்னு தோணுதா?”

அவள் கீரையிலிருந்து கண் எடுக்கவில்லை. “இப்ப இல்லப்பா. மார்ச் மாசம் தோணுச்சு. தெனமும்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே.”

நான் தினமும் அவள் தலைமாட்டில் நின்று, சாப்பிட்டாயா, தலைவலிக்கிறதா, காய்ச்சலா என்று கேட்டிருக்கிறேன். நாட்குறிப்பில் எல்லாம் தேதியோடு இருக்கிறது.

அன்று தாத்தாவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன், அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லியே. அத்தையைப் பற்றியும் சொன்னேன். பெரட்டில் அவர் மலை பிரித்துக் கொடுத்ததைக் கேட்டதும், “கண்டாக்கையா சும்மாவா விட்டாரு?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று நான் அவள் முகத்தைத் துருவிப் பார்த்தேன். அவள் கண்டுகொண்டாள்.

“அப்பா, நான் சிரிக்கிறப்பல்லாம் அளக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“சரி” என்றேன். இன்றும் அளக்கிறேன். தெரியாமல் அளக்கப் பழகியிருக்கிறேன்.

பிறகு அவள் கேட்டாள். “தாத்தா செத்துட்டாரு. அந்த அத்தப்பாட்டி? அவங்களுக்கு எனக்கு மாதிரித்தானே. அவங்க எத்தன வயசு வரைக்கும் இருந்தாங்க?”

டொக்டரும் அதைக் கேட்டிருந்தார். அத்தைக்கு எந்த மருந்து ஒத்துப்போனது என்று தெரிந்தால், அதே மருந்து இவளுக்கும் ஒத்துப்போக வாய்ப்பிருக்கிறது என்றார். ஆனால் மகள் கேட்டது மருந்துக்காக அல்ல. இந்த நோயோடு ஒருத்தி கிழவியாக முடியுமா என்று கேட்டாள்.

விசாரித்தேன். இந்தியாவுக்குப் போனவர்களில் தொடர்பிருந்த ஒருவர் மூலம், 2023 செப்டம்பரில் அத்தையின் நாத்தனார் மகளிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது. நீலகிரிப் பக்கம் தேயிலையிலேயே வேலை செய்து, மாதம் தவறாமல் டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி, பேரனுக்குக் கல்யாணம் பார்த்துவிட்டுத்தான் அத்தை கண்ணை மூடினாராம். மகளிடம் ஓடிப்போய்ச் சொல்ல எழுந்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின மாதம், அவர்களோடு ஒரே கப்பலில் போய்த் திரும்பி வந்த கிழவர் ஒருவர், அத்தை போன இரண்டாம் வருடமே தன் தம்பியைப் போலப் போய்விட்டார் என்று என்னிடம் சொல்லியிருந்தார். இருவரும் நேரில் பார்த்தவர்கள் இல்லை.

இரண்டையும் மகளிடம் சொன்னேன். மனைவி, நல்லதை மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா என்றாள். மகள் குரல் பதிவை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். அவள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாள், மாதம் ஒரு செவ்வாய் கிளினிக்குக்குப் போகிறோம்.

இந்தியாவில் உள்ள பிறப்பு இறப்புப் பதிவகத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இதுவரை பதில் வரவில்லை. அத்தை எந்த ஆண்டு இறந்தார், எப்படி இறந்தார் என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.