கோமுகிக் கரையில் யாரும் என்னை நடக்க விடவில்லை

"பஸ் ஸ்டாண்டுக்குப் போவவே வண்டில கொண்டுபோயி வுடச் சொல்றவ, நீ காட்ல நடப்பியா?" என்று கேட்டார் அப்பா.

வனக்காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் நான் தேறியிருந்தேன். அடுத்தது நடைத் தேர்வு. குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் நடந்து காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலால் தோற்க எனக்கு விருப்பமில்லை.

ஞாயிறு காலை கிளம்பிவிட்டேன். கோமுகி ஆற்றோரமாகவே பழைய பாலத்திலிருந்து புறவழிச்சாலைப் பாலம் வரை போய்த் திரும்புவது திட்டம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் வேகமாக நடந்து போனால் பஸ்ஸை விட்டுவிட்டாள் என்றுதான் அர்த்தம். பழைய பாலத்திலேயே எங்கள் தெருப் பால்காரர் வண்டியை நிறுத்தினார்.

"ஏறும்மா. எங்க போவணும்?"

"எங்கயும் இல்லண்ணா, சும்மா நடக்கறேன்."

அவர் முகம் மாறியது. "வூட்ல எதுனா சண்டையா?"

சிரித்துக்கொண்டே நடந்தேன். தரைப்பாலத்தருகே ஷேர் ஆட்டோவில் இருந்த ஓர் அம்மா நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடமே போட்டுவிட்டார். ஆலைக்குப் போகும் டிராக்டர்காரர், "கரும்பு மேல குந்திக்கினு வா" என்றார். ஏறவில்லை; ஒரு கரும்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கால் இன்னும் லேசானது. ஆற்றில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம். அதுவும் அன்று அழகாக இருந்தது.

புறவழிச்சாலைப் பாலத்தில் திரும்பும்போது ஹாரன் அலறியது. பனியனும் லுங்கியுமாக அப்பா, பழைய மொபெட்டில்.

"நீ கோச்சிக்கினு ஆத்துப் பக்கம் போறன்னு பால்காரன் வந்து சொன்னான். நான் தெரியாம சொல்லிட்டேன். ஏறு பாப்பா."

"நேரம் போவுது, வழி வுடுப்பா. பரீட்சைக்கு நடந்து பழகறேன்."

வாயில் கரும்போடு நான் சொன்னதைக் கேட்டு, நெஞ்சில் கைவைத்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு என் பின்னாலேயே மொபெட்டில் ஊர்ந்து வந்தார். வண்டி நிறுத்தியவர்களிடமெல்லாம், "அது நடக்கட்டும், நீங்க போங்க" என்றார். தரைப்பாலம் தாண்டியதும் மொபெட் சூடேறி நின்றுவிட்டது. தள்ளத் தொடங்கினார்.

"கொஞ்சம் மெதுவா நடயேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பழைய பாலம் வரை நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கரையில் என்னைத் தேடியவர்கள் ஏமாந்திருப்பார்கள். அந்நேரம் நான் மலையடிவாரக் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வெள்ளிமலைக் காட்டுச் சாலை ஏற்றத்தில் முதல் வளைவை நடந்தே தாண்டியிருந்தேன்.