ஐந்து விரல் கால்மணை

ஒருவர் உட்கார்ந்து எழுந்த மெத்தையைத் தடவிப் பார்த்தே அவர் எப்படிப்பட்ட ஆள் என்று துளசிங்கம் சொல்லிவிடுவார். திருத்தணி ரயில் நிலையத்துக்கு எதிரே நின்ற ஜட்கா வண்டிகளில் முக்கால்வாசிக்கு மெத்தை தைத்தவர் அவர்தான். "இந்த ஓரம் மட்டும் அமுங்கிக்கீது பாரு. இங்க குந்துறவரு எப்ப எறங்கலாம்னு அவசரப்படுற ஆளு" என்பார். சொன்னது சரியா தப்பா என்று யாரும் போய் விசாரித்ததில்லை. அவர் சொல்கிற தோரணைக்கே எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

தோரணைக்கு ஏற்ற வாயும் உண்டு. அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவருடைய கல்யாணக் கதையும் தெரியும், ஏனென்றால் அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வார். நகரிப் பக்கத்திலிருந்து ரஞ்சிதத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்பது ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு காது போய்விட்டதாம். பெண்ணைப் பெற்றவர் மூச்சுவிடவில்லை. துளசிங்கம் ஆறு மாதம் மனைவியோடு பேசாமல் இருந்தார். மாமனார் இருந்தவரைக்கும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"காதுக்கா கோச்சிக்கினேன்? சொல்லாம கட்டி வெச்சாங்களே, அதுக்கு. சொல்லியிருந்தா நான் வாணாம்னா சொல்லியிருப்பேன்?" இருபது வருஷமாக இதே பேச்சு. ரஞ்சிதம் பக்கத்தில் இருந்தால் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவருக்கும் வர வர அவளுடைய வலது பக்கத்தில் உட்காருவதே பழக்கமாகிவிட்டது.

1946ஆம் வருஷம், சண்டை முடிந்து பெட்ரோல் கொஞ்சம் கண்ணில் படத் தொடங்கியிருந்தது. கல்யாணங்களுக்குப் பந்தல் சாமானும் காஸ் விளக்கும் வாடகைக்கு விடும் பரந்தாமன், கொட்டகையில் ஆறு வருஷம் தூங்கிக்கிடந்த தன் பழைய காரை எழுப்ப நினைத்தார். மேலே கித்தான் கூரை, வேண்டும்போது பின்னால் மடக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஐயர் வீட்டுக் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஜானவாச ஊர்வலத்தில் அழைத்துவர இப்படித் திறந்த கார்தான் வேண்டும். மெக்கானிக் வந்து இஞ்சினைச் சரிசெய்துவிட்டுப் போனார். உள்பக்கத்துக்குத் துளசிங்கம் வந்தார்.

உள்ளே கோழிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. சீட்டுத் தோல் வெடித்து, நார் வெளியே தொங்கியது. கூரைத் துணியைத் தொட்டால் அப்பளமாக உதிர்ந்தது. துளசிங்கம் எல்லாவற்றையும் பிரித்துக் கீழே போட்டு, துருப்பிடித்த ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எண்ணெய் விட்டார். அவற்றின் மேல் கோணி, கோணியின் மேல் தேங்காய் நார், அதற்கும் மேல் இலவம் பஞ்சு. துணிக்கும் ரேஷன் இருந்த காலம். பொதட்டூர்பேட்டையில் தெரிந்த நெசவுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அரக்கு நிறத்தில் கெட்டியாக ஒரு துணி நெய்து வாங்கிவந்தார். கதவுகளின் உள்பக்கத்துக்கும் அதுவே. கூரைக்கு மட்டும் புதுக் கித்தான் கிடைத்தது. அதன் இரும்பு விலாக்களை மடக்கவும் நிமிர்த்தவும் ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. அது அவர் கைக்கு மட்டும்தான் படிந்தது.

முதல் அழைப்பு நாராயணசுவாமி வீட்டிலிருந்து வந்தது. மலைக்கோவில் மடைப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற குடும்பம். மனைவி இல்லை, ஒரே பெண் காமு. கூடிவந்த இரண்டு வரன்கள் கடைசி நேரத்தில் தட்டிப்போய், பெண்ணுக்குப் பத்தொன்பது வயது ஆகிவிட்டிருந்தது. இப்போது காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் அம்பி என்ற பையன் அமைந்திருந்தான். பெண் பார்க்க அவன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். தாய்மாமா ராஜகோபால்தான் வந்து பார்த்துப் பேசி முடித்தார்.

அந்த ராஜகோபால் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கொட்டகைக்கே வந்துவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பின்சீட்டை இன்னும் கொஞ்சம் உசத்து. மாப்பிள்ளை முகம் நாலு பேருக்குத் தெரியணுமோல்லியோ?"

"ஆங், உசத்திடலாம் சாமி."

"இடது பக்கம் காலடியிலே மெத்து மெத்துன்னு ஒரு மணை வை. அஞ்சு விரக்கடை உசரம், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சீட்டு விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் இதே துணியிலே ஒரு மறைப்புத் தொங்கட்டும்."

"வலது பக்கம் மணை வாணாங்களா?"

"வேண்டாம். எங்காத்து வழக்கம்" என்று சொல்லிவிட்டு ராஜகோபால் குடையை எடுத்துக்கொண்டார்.

துளசிங்கம் பலகையை அறுத்து, நாரைத் திணித்து, விரலை வைத்து அளந்துகொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கை அப்படியே நின்றுவிட்டது. எந்த வீட்டு வழக்கமும் ஒரு காலுக்கு மட்டும் மணை கேட்காது. பையனுக்கு இடது கால் ஐந்து விரல் குட்டை. லீவு கிடைக்காத காரணமும், தரை வரை மறைப்புத் தொங்கவேண்டிய காரணமும் அதுதான். ஊர்வலம் வீட்டுக்கு வந்ததும் கல்யாணத்தை உறுதிசெய்யும் லக்னப் பத்திரிகையை வாசித்துவிடுவார்கள். வாசித்த பிறகு நாராயணசுவாமியைப் போன்ற மனிதர் பின்வாங்குவாரா? மாப்பிள்ளையை நாலு பேர் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஏற்பட்ட ஊர்வலம் அது. அதில் பார்க்க முடியாதபடி தைத்துக்கொடுக்கும் வேலை தன் தலையில் விழுந்திருக்கிறதே என்று துளசிங்கத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்குப் போய் ரஞ்சிதத்திடம் கொட்டித் தீர்த்தார். "பாத்தியா? உங்க நைனா பண்ண அதே வேலை." அவள் உலையில் அரிசியைப் போட்டாள்.

மறுநாள் நாராயணசுவாமியிடமே சொல்லிவிடுவது என்று மலையடிவாரத்தில் காத்திருந்தார். உச்சிக்கால பூஜை முடிந்து, கையில் தூக்குப் பாத்திரத்தோடு அவர் படி இறங்கி வந்தார்.

"துளசிங்கமா? வாப்பா. உன் கைவேலையைப் பத்திப் பரந்தாமன் சொன்னான். எம் மாப்பிள்ளை ராஜாவாட்டம் உக்காந்து வரப்போறான். காமு முகத்திலே இப்பத்தான் சிரிப்பையே பாக்கறேன்." பாத்திரத்தைத் திறந்து ஒரு கை புளியோதரையை எடுத்துத் தொன்னையில் வைத்து நீட்டினார்.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? சொன்னால் மூன்றாவது முறையும் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால், தான் இருபது வருஷமாக ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருக்கும் மாமனாருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? துளசிங்கம் கையைக் கழுவிக்கொண்டு வந்த வழியே போனார். அன்றைக்கு அவருக்குத் தன்னையே பிடிக்கவில்லை. மறைப்பைத் தைத்தார், நன்றாகவே தைத்தார். கெட்ட வேலைக்கும் கோணல் தையல் போட அவருக்கு வராது.

ஜானவாசத்தன்று மத்தியானம் அரக்கோணத்தில் போய் மாப்பிள்ளையை ஏற்றிவர வேண்டும் என்று ராஜகோபாலின் உத்தரவு. மற்றவர்கள் எல்லோரும் ரயிலிலேயே திருத்தணி வந்து இறங்கிக்கொள்வார்களாம். கூரையை மூடி, பக்கங்களில் திரைகட்டி மாப்பிள்ளையை மட்டும் அழைத்துவந்து, பிள்ளையார் கோவில் வாசலில் கூரையைத் திறக்கவேண்டும். அதற்காகத் துளசிங்கமும் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அம்பி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்துவந்து காரில் ஏறினான். மெலிந்த முகம், சிரித்த கண்கள். இடது காலை மணையில் வைத்தவன் சட்டென்று குனிந்து பார்த்தான்.

"அளவெடுத்த மாதிரி இருக்கே. நீங்களா தைச்சேள்?"

"ஆங், நான்தான் சாமி. உங்க மாமா அளவு குடுத்தாரு." தன்னை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் ஐயர் வீட்டுப் பிள்ளை இவன்தான் என்பது துளசிங்கத்துக்கு மனசில் பட்டது.

"மாமா எல்லாத்தையும் யோசிச்சுச் செய்வார். பொண்ணாத்திலேயும் காலைப் பத்தி முதல்லேயே சொல்லிட்டார். அவாளும் பரவாயில்லேன்னுட்டாளாம். பெரிய மனசு."

துளசிங்கம் திரும்பி உட்கார்ந்தார். பெண் வீட்டாரை மட்டுமல்ல, இந்தப் பிள்ளையையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்களே! வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்பி காலுக்கு முன்னால் தொங்கிய துணியைக் கையால் விலக்கிப் பார்த்தான்.

"இது எதுக்கு?"

தூசிக்கு என்று சொல்லியிருக்கலாம். வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நகரியில் ஒரு மனிதர் எப்படி வாயைத் திறக்காமல் இருந்தார் என்று துளசிங்கத்துக்கு அந்த நிமிஷம் கொஞ்சம் புரிந்தது.

"கால் தெரியக்கூடாதுன்னு தைக்கச் சொன்னாரு சாமி. பொண்ணு வூட்ல ஒண்ணும் தெரியாது. நான் சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன்."

அம்பி கையிலிருந்த துணியை விட்டான். திரைக்கு அப்பால் வயல்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு கேட்டான்: "கத்திரிக்கோல் வெச்சிருக்கேளா?"

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, துளசிங்கம் தன் கையாலேயே அந்தத் தையலை வெட்டினார். மூன்று நாள் வேலை. துணியைச் சுருட்டி முன்சீட்டுக்குக் கீழே தள்ளினார்.

பிள்ளையார் கோவில் வாசலில் நாயனமும் தவிலும் முழங்க, பாதி ஊர் கூடியிருந்தது. துளசிங்கம் கூரையை மடக்கினார். பட்டு வேஷ்டியும் மாலையுமாகப் பெண் வீட்டார் காருக்கு அருகே வந்தார்கள். "மாப்பிள்ளை இறங்க வேண்டாம், எல்லாம் இங்கேயே ஆகட்டும்" என்று ராஜகோபால் கையை விரித்துக்கொண்டு நின்றார். கதவைத் திறக்கத் துளசிங்கம் கையை நீட்டினார். அம்பி தலையை அசைத்து அவரைத் தடுத்து, தானே திறந்துகொண்டு கீழே இறங்கினான். கூட்டத்துக்கு நடுவே, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, பிள்ளையார் சன்னிதி வரைக்கும் நடந்தான். முதலில் தவில் நின்றது. பிறகு நாயனம் நின்றது.

கும்பிட்டுவிட்டுத் திரும்பி, நாராயணசுவாமியிடம் சொன்னான்: "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுண்டுதான் வந்தேன். தெரியாதுன்னு வழியிலேதான் தெரிஞ்சுது. நீங்க என்ன சொன்னாலும் சரி."

நாராயணசுவாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. ராஜகோபாலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்ப் பக்கம் பார்த்தார்.

"துளசிங்கம், உனக்குத் தெரியுமாடா?"

"பத்து நாளா தெரியும் சாமி."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. "வா எங்கூட" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு வேகமாக நடந்தார். துளசிங்கம் பின்னால் ஓடி, வாசற்படிக்கு வெளியே கோலத்தை மிதிக்காமல் நின்றார்.

காமு அலங்காரம் பாதியில் நிற்க வாசலுக்கு வந்தாள். நாராயணசுவாமி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை குரல் உடைந்தது. "நீ வேண்டாம்னா இப்பவே போய்ச் சொல்லிடறேன்மா. ஊர் என்ன பேசினாலும் பேசட்டும்."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. வெளியே நின்றவரைப் பார்த்துக் கேட்டாள்: "அவரா இறங்கினாரா, இல்லே யாராவது இறக்கிவிட்டாளா?"

"அவராத்தாம்மா. கதவக்கூட என்னைத் தொறக்க வுடல."

காமு அப்பாவிடம் திரும்பினாள்: "மேளத்தை எதுக்குப்பா நிறுத்தியிருக்கா? வாசிக்கச் சொல்லுங்கோ."

மறுநாள் கல்யாணச் சாப்பாடு முடிந்து, வாழையிலையில் கட்டிய லட்டோடு துளசிங்கம் வீட்டுக்கு வந்தார். ரஞ்சிதத்தின் வலது பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். தான் தையலை வெட்டியதை இரண்டு தடவை சொன்னார். முடிவில், வாய்ப் பழக்கத்தில், "பாரு, உள்ளதைச் சொல்லிட்டா யாரும் வாணாம்னு சொல்றதில்ல" என்றார்.

ரஞ்சிதம் லட்டைப் பிட்டு ஒரு பாதியை அவரிடம் கொடுத்தாள். "நெசமா சொல்லு. எங்க நைனா அன்னிக்கே சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டியிருப்பியா?"

இருபது வருஷத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. துளசிங்கம் வாயைத் திறந்தார். தயாராக இருந்த பதில் வெளியே வரவில்லை. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது, தலை நிறைய முடி, ஊரெல்லாம் பேர். அந்தப் பையனை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"கட்டியிருக்க மாட்டேன்."

"அதான் எங்க நைனா சொல்லல" என்றாள் அவள். குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

துளசிங்கத்தின் கையில் லட்டு அப்படியே இருந்தது. நாலு நாள் கழித்து, பஞ்சு வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு நகரிக்கு ரயில் ஏறினார். மாமனார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பூட்டிக்கிடந்த அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்தார்.